பைலட் துரையின் துப்பாக்கி விதிகள்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்களில் என் வேலையும் போயிற்று. சுங்கை ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அப்பா கங்காணி. என்னை மலாக்கா ஊருக்கு அனுப்பி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். ஆபீசை மூடிய பிறகு பாசாரில் ஒரு துணிக்கடையில் நின்றேன். கொஞ்ச நாள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அந்த நாட்களில்தான் எனக்குக் கல்யாணமும் ஆனது, மகளும் பிறந்தாள். என் மாமனார் வீட்டில் யாரும் முகம் சுளிக்காமல் எங்களை வைத்துக்கொண்டார்கள். அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முப்பதுகளின் பின்பாதியில் எனக்கு ஒரு புது மாதிரி வேலை கிடைத்தது. தபால் மூட்டைகளை ஆகாயக் கப்பலில் கொண்டுபோக ஒரு சின்னக் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். மூன்று வருஷம்கூட நடக்காத கம்பெனி. தங்கா பத்துவுக்குப் போகும் பாதையில், கடலை ஒட்டிய ஒரு புல்வெளியை எடுத்துச் சமப்படுத்தி, ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டார்கள். கொட்டகைக்கு ஒரு கிராணி வேண்டும். இங்கிலீஷ் எழுதவும், மலாய் பேசவும், தமிழ் ஆட்களை வேலை வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் எனக்குத் தெரியும். தங்கா பத்துவிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிவந்தோம்.

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி வாக்கில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வரும். எங்கள் ஆட்கள் விமானத்தைக் கப்பல் என்றுதான் சொல்வார்கள். மூட்டையை இறக்கி, மூட்டையை ஏற்றி, அரை மணியில் வடக்கே கிளம்பிவிடும். மற்ற நாளெல்லாம் புல் வெட்டுவதுதான் வேலை. மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் புல் முழங்காலுக்கு வந்துவிடும். அதற்கு நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் புக்கிட் ரம்பாய்த் தோட்டங்களில் வேலை இழந்தவர்கள், ஊருக்குத் திரும்பமாட்டேன் என்று இங்கேயே தங்கிவிட்டவர்கள். மூன்று பேர் ஆண்கள். நாலாவது ஆள் ஒரு விதவை அம்மாள். நாற்பது வயதிருக்கும். தோட்டத்தில் கிராணிமார் பேசும் வழக்கப்படி நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவருக்கு நான் ஐயா.

அந்தக் கப்பலை ஓட்டி வந்தவர் ஓர் ஆஸ்திரேலியாக்காரர். எல்லோருக்கும் பைலட் துரை. உயரமான மனிதர், வெயிலில் வெந்த முகம். எங்களோடு பாசார் மலாயில் பேசுவார். அவர் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். கப்பல் எங்கேயாவது காட்டிலோ கடற்கரையிலோ இறங்கிவிட்டால் ஆள் வரும்வரை தபால் மூட்டைக்கு அவர்தான் காவல். அதற்காகத் துப்பாக்கி. ஆனால் அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்குக் கம்பெனி இரண்டு பக்கத்துக்கு விதிகள் போட்டிருந்தது.

அந்த விதிகளை நான் பல தடவை படித்திருக்கிறேன். கப்பலில் தபால் இருந்தால் மட்டுமே துப்பாக்கி இருக்கலாம். பைலட் தன் இருக்கையில் இருக்கும்வரை அது தோல் உறைக்குள், உறையின் பொத்தான் போட்டபடி, அவர் இடுப்பில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன் தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். வெறும் துப்பாக்கியை இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி அவர் கழுத்தில். குடித்திருந்தாலும் காய்ச்சல் இருந்தாலும் பைலட் துப்பாக்கி கட்டக்கூடாது. அது ஐந்தாவது விதி.

பைலட் துரை இந்த விதிகளைச் சாமி கும்பிடுகிற மாதிரி கடைப்பிடித்தார். கப்பல் நின்றதும் இறங்கமாட்டார். தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி எண்ணுவார். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். பெட்டியைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கால் வெளியே வரும். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் அவ்வளவு நேரமும் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

விதித்தாளின் கடைசிப் பகுதி கீழே வேலை செய்கிறவர்களுக்கு. அதை ஆட்களின் பாஷையில் எழுதிக் கொட்டகையில் ஒட்டச் சொல்லி மானேஜர் துரை சிங்கப்பூரிலிருந்து கடிதம் அனுப்பினார். நான் ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதினேன். படித்த தமிழ் எல்லாம் அதில் வந்தது. ‘பணியாளர் எக்காரணம் கொண்டும் ஆயுதத்தைத் தீண்டலாகாது’ என்று ஆரம்பித்து, ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடக்கியிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. தேநீர் நேரத்தில் நாலு பேரையும் நிழலில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ஆண்கள் மூவரும் தலையாட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் ஆட்டவில்லை.

"ஐயா, தீண்டக்கூடாதுங்கிற அந்தச் சொல்லு வேணாம்லா," என்றார்.

"ஏன், அதுக்கு என்ன?"

"கெணத்தத் தீண்டாத, கோயிலத் தீண்டாதன்னு ஊர்ல நிறைய கேட்டாச்சு. அந்தச் சொல்லு காதுல விழுந்தா நாங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு அந்தாண்ட போயிடுவோம். துப்பாக்கி அங்கயே கெடக்கும். எங்களப் போகச் சொல்றீங்களா, நிக்கச் சொல்றீங்களா?"

எனக்கு முகம் சுட்டது. இங்கிலீஷ் தாளை எடுத்துப் பார்த்தேன். நிற்கத்தான் சொல்லியிருந்தது. துப்பாக்கி பைலட்டை விட்டுத் தனியாகக் கிடந்தால், பார்த்தவர் அதை விட்டு நகரக்கூடாது என்று தெளிவாக இருந்தது. என் நீளமான வாக்கியத்தில் அது எங்கோ அமுங்கிப் போயிருந்தது. அன்று சாயங்காலமே வேறு காகிதம் எடுத்துப் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதினேன்.

துப்பாக்கியைத் தொடாதே.
விட்டுவிட்டுப் போகாதே, பக்கத்திலேயே நில்.
யாரையும் கிட்டே விடாதே, துரையானாலும்.
கிராணியைக் கூப்பிடு.

மறுநாள் வாசித்தபோது மூன்றாவது வரிக்கு அந்த அம்மாள் சிரித்தார். "தொரைய நான் தடுக்கணுமா?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு."

"இருந்தா சரி," என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போய்விட்டார்.

இது நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பைலட் துரை இறங்கியபோது அவர் கண் சிவந்திருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் கொயினா மாத்திரை போட்டுக்கொண்டார்.  தோட்டத்தில் பிறந்தவனுக்கு மலேரியாக் காய்ச்சல் எப்படி வரும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்த்ததுமே தெரிந்தது. ஐந்தாவது விதியும் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு துரையிடம் போய், உங்களுக்கு உடம்பு சரியில்லை, துப்பாக்கி கட்டாதீர்கள் என்று ஒரு கிராணி சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லாத காரியம். நான் மூட்டைகளுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கப்பல் தாமதித்து, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. தரையில் இரண்டு தடவை எகிறிக் குதித்துத்தான் நின்றது. அவர் வெகு நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலத் தோட்டா எண்ணுகிறார் என்று நினைத்தேன். பிறகு இறங்கி வந்தார். இடுப்பில் பெல்ட் அப்படியே இருந்தது. உறையின் பொத்தான் கழன்றிருந்தது. தோட்டாவை எடுக்க ஆரம்பித்து முடியாமல் விட்டிருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அப்போதும் நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

கொட்டகை வாசலில் ஒரு பெஞ்சு இருக்கும். அவர் பெல்ட்டைக் கழற்றி அதன்மேல் வைத்தார். "ஆயர்," என்று மலாயில் தண்ணீர் கேட்டார். உள்ளே ஓர் அடி வைத்ததும் அப்படியே சரிந்தார். நான் பாய்ந்து தலையைத் தாங்கிக்கொண்டேன். ஆண்கள் மூவரும் கப்பலண்டை மூட்டையோடு இருந்தார்கள். சரியாக அந்த நேரம் என் மனைவி மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு, மூன்று வயது மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். துரை விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் மகளின் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். பானையிலிருந்து தண்ணீர் எடுத்து அவர் முகத்தில் தெளித்தாள். வாசலுக்கு முதுகு காட்டி முட்டி போட்டிருந்தாள்.

நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். பெஞ்சிலிருந்து பெல்ட் நழுவித் தரையில் கிடந்தது. உறை காலியாக இருந்தது. என் மகள் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதன் வாய் என் மனைவியின் முதுகைப் பார்த்திருந்தது. மகள் அசைய அசைய அதுவும் அசைந்தது. சில நேரம் அவள் முகத்துக்கே திரும்பியது.

கத்துவதற்காக வாயைத் திறந்துவிட்டேன். அப்போது மகளுக்குப் பின்னால், புல்வெளியில், அந்த அம்மாள் கையை உயர்த்துவது தெரிந்தது. உள்ளங்கையை எனக்குக் காட்டி, பேசாதே என்று சைகை செய்தார். கத்தாமல் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். ஓடவில்லை. எங்கேயோ போகிறவர் மாதிரி நடந்து வந்தார். மகளுக்கு எதிரே வராமல் பக்கவாட்டில் வந்து, ஓர் எட்டுத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தார்.

"பாப்பா, என்ன வச்சிருக்க?"

"எனக்கு," என்றாள் மகள்.

"ஒனக்குத்தான். யாரு கேட்டா? கனமா இருக்கா?"

"ம்."

"கனமாத்தான் இருக்கும். அது தூக்கத்துல இருக்குல்ல. கீழ படுக்க வைப்பமா?"

சொல்லிக்கொண்டே நகர்ந்து வந்து, மகளின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தார். துப்பாக்கியில் அவர் விரல்கூடப் படவில்லை. முழங்கையை மட்டும் மெதுவாகத் திருப்பினார். மகளும் கூடவே திரும்பினாள். துப்பாக்கியின் வாய் கொட்டகையை விட்டு விலகி, ஆளில்லாத கடற்கரைப் பக்கம் போனது.

"மெதுவா வை. முழிச்சுக்கப் போவுது."

என் மகள் குனிந்து அதைப் புல்லில் படுக்க வைத்தாள். ஒரு பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரிதான் வைத்தாள். அந்த அம்மாள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் என் மனைவி திரும்பிப் பார்த்தாள். வெளியே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாள் துப்பாக்கிப் பக்கத்திலேயே நின்றார். "ஐயா, இங்க கெடக்கு," என்று எனக்குக் குரல் கொடுத்தார். என் மடியில் துரையின் தலை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

கப்பல் வரும் நாளில் தபாலுக்குக் காவலாக ஒரு மலாய்க்கார மாத்தா-மாத்தா சைக்கிளில் வருவார். அன்று பிந்தி, அப்போதுதான் வந்து இறங்கினார். போலீஸ்காரர் அல்லவா, புல்லில் துப்பாக்கியைப் பார்த்ததும் எடுக்கக் குனிந்தார்.

"ஜாங்கான்," என்றார் அந்த அம்மாள். வேண்டாம் என்று அர்த்தம். கிராணி வரட்டும் என்றும் மலாயில் சொன்னார்.

போலீஸ்காரர் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. போலீஸ்காரர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, தானும் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பாதைப் பக்கமே நிறுத்திவைத்தார். உச்சி வெயிலில் இருவரும் அரை மணிக்கு மேல் அப்படி நின்றார்கள். அந்த மனிதரிடமும் எனக்கு நன்றி உண்டு. அதிகாரத்தைக் காட்டி அந்த அம்மாளைத் தள்ளிவிட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

துரைக்கு நினைவு வந்து, என் மனைவி கொடுத்த, பால் விடாத கோப்பி-ஓவைக் குடித்த பிறகு, நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் காய்ச்சல் சிவப்பு அப்படியே வடிந்துபோயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். துப்பாக்கிக்கு முன்னால் முட்டி போட்டு அதைத் திறந்தார். தோட்டாக்களை எடுக்கும்போது ஒன்று புல்லில் விழுந்துவிட்டது. யாரையும் கிட்டே வரவிடாமல் அவரே புல்லைத் தடவித் தேடி எடுத்தார். கப்பலுக்கு ஏறிப் போய்ப் பெட்டியைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, அந்த அம்மாளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தெரிமா காசே," என்றார். நன்றி என்ற சொல்லை ஒரு துரை எங்கள் ஆள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு என்னிடம் காகிதம் எடுக்கச் சொன்னார். நடந்ததை மானேஜருக்கு எழுத வேண்டும். அவருக்கு வேலை போகக்கூடும் என்று எனக்குத் தெரியும். அவரைப்போல மரியாதையாகப் பேசும் துரையைத் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. அதனால் கேட்டேன், "துவான், பெல்ட் தானாக நழுவி விழுந்தது என்று எழுதட்டுமா?"

"பெஞ்சில் வைத்தது யார்?" என்றார்.

"நீங்கள்."

"அப்படியே எழுதுங்கள்."

எழுதினேன். அவர் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். பைலட்டுக்குக் காய்ச்சல் கண்டிருப்பதைச் செவ்வாய்க்கிழமையே கிராணி பார்த்தான், கேட்காமல் இருந்துவிட்டான் என்று. அவர் அதைப் படித்தார்.

"இதை எழுத வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லையே."

"தெரியும், துவான்."

அவர் கையெழுத்துப் போட்டார். அவரை ஒரு மோட்டாரில் மலாக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தபால் மூட்டைகள் லாரியில் தம்பின் ரயிலுக்குப் போயின.

வீட்டுக்குப் போன பிறகு என் மனைவி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "அந்தக்கா பேரு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். ஆள் வருகை எழுதும் செக்ரோலில் தினமும் அந்தப் பெயருக்கு நேரே கோடு போடுகிறவன் நான். பெயர் தெரியும். ஆனால் ஒரு நாள்கூட அந்தப் பெயரைச் சொல்லியோ, முறை சொல்லியோ அவரைக் கூப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மகளும் புக்கிட் ரம்பாய்க்குப் போனோம். தோட்டத்துப் பழைய வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறையில் அவர் இருந்தார். என் மனைவி தாம்பூலத் தட்டில் ஒரு புடவையும் பழமும் வைத்துக் கொடுத்தாள். அவர் பழத்தை எடுத்துக்கொண்டு, "புடவை எதுக்கும்மா?" என்றார். என் மனைவி அழுதாள். அவர் புடவையையும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க எப்படி அவ்வளவு நிதானமா நடந்து வந்தீங்க, அக்கா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அந்த அக்கா தானாக வந்தது. அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளைக் கொட்டாய்ல பதினோரு வருசம் ஆயாவா இருந்தேன்லா," என்றார். தாய்மார்கள் பால்வெட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. "முப்பது பிள்ளைங்க. வெட்டுக் கத்தி, அரிவா, எது கெடந்தாலும் எடுத்துக்கும். கத்துனா பயந்து இறுக்கிப் பிடிக்கும். பிடுங்குனா இழுக்கும். அதுவா கீழ வச்சாத்தான் உண்டு. ஒரு பிள்ளைக்கு விரல் போச்சு, நான் ஓடிப்போய் பிடுங்குனதால. அதுக்கப்புறம் நான் ஓடுறதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மானேஜர் துரை சிங்கப்பூரிலிருந்து வந்தார். என் வேலை போகும் என்று நினைத்துத்தான் கொட்டகையில் நின்றேன். அவர் பெஞ்சைப் பார்த்தார், விதித்தாளைப் பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். கடைசியில் மானேஜர், இந்த அம்மாளுக்கு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கேட்டார். சம்பளமோ துணியோ கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பார்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "தொரை எறங்குறதுக்கு முந்தி, பூட்டியாச்சான்னு கிராணி ஐயா கேக்கணும். தொரை பதில் சொல்லணும். அப்படி ஒண்ணு காயிதத்துல போடச் சொல்லுங்க."

"அது அவருக்கே தெரியுமே," என்றேன் நான், மொழிபெயர்ப்பதற்கு முன்னால்.

"தெரியும். ஆனா ஒடம்பு முடியாதப்ப மறந்துடுச்சுல்ல. ஐயா பார்த்தீங்க. கேக்கல. பயம். கேக்கணும்னு காயிதத்துல இருந்தா, பயப்பட வேணாம். காயிதம்தானே கேக்குது."

மானேஜர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். என்னைப் பற்றி அக்கா சொன்னதை நானேதான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒரு நொடி, பயம் என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடவில்லை. கிராணிக்குப் பைலட்டைக் கேட்கப் பயமாக இருந்தது, விதி இருந்தால் பயமிருக்காது என்று இந்த அம்மாள் சொல்கிறார் என்றேன். மானேஜர் சிரிக்கவில்லை. தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் புது விதித்தாள் வந்தது. அதில் ஆறாவதாக அது இருந்தது. கிராணி கேட்டு, தான் பதில் சொல்லும்வரை பைலட் தரையில் கால் வைக்கக்கூடாது என்றும் சேர்த்திருந்தார்கள். என் வேலையும் போகவில்லை.

பைலட் துரையை ஆறு வாரம் நிறுத்திவைத்தார்கள். காய்ச்சல் முழுதும் தெளிந்த பிறகு திரும்பி வந்தார். இளைத்திருந்தார். முதல் செவ்வாய்க்கிழமை நான் கப்பலண்டை போய் நின்றேன். 

"சுடா குஞ்சி?" என்று கேட்டேன். பூட்டியாச்சா என்று.

"சுடா," என்றார். பிறகு பூட்டை இழுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கவில்லை. வேறு பைலட் ஒருவர் எப்போதாவது வருவார், அவர் முகம் சுளிப்பார். ஆனாலும் பதில் சொல்லுவார். பத்து வருஷம் துரைமாருக்குக் கீழே இருந்தும் வராத தைரியம் அந்த ஒரு வரியால் எனக்கு வந்தது. பின்னாளில் வேறு ஆபீசில், மேலே இருப்பவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க நான் தயங்கியதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு அக்கா வாங்கிக் கொடுத்தது.

கம்பெனி நிற்கப்போகிறது என்ற செய்தி முப்பதுகள் முடியும் தறுவாயில் வந்தது. பைலட் துரை கடைசித் தடவை வந்தபோது எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கு மலாக்கா ஊரில் ஒரு சரக்குக் கிடங்கில் கிராணி வேலை கிடைத்தது. ஆண்கள் மூவரும் மறுபடி தோட்டத்துக்குப் போனார்கள். அக்காவுக்கு அரிவாள் பிடித்துப் பிடித்துத் தோள் வலி. அவரைப் புல்லுக்கும் காட்டுக்கும் அனுப்ப எனக்கு மனமில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்கு ஆயா தேவை என்று கேள்விப்பட்டு, நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். பதினோரு வருஷம் முப்பது பிள்ளைகளைப் பார்த்தவர் என்றும், ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்ன செய்தார் என்றும் எழுதி, நேரே கொண்டுபோய்த் தலைமை நர்சான பெரிய மிஸ்ஸியிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். நாளைக்கே அனுப்புங்கள் என்றார்.

முதல் நாள் வேலை முடிந்து அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கால் வலிக்கிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எத்தன பிள்ளைங்க அக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

"பதினேழு. ரெண்டு சீனப் பிள்ளை, நாலு மலாய்ப் பிள்ளை, மிச்சம் நம்ம பிள்ளைங்க. ஒண்ணு மருந்தே குடிக்கமாட்டேங்குது. நாளைக்குப் பாக்கணும்."

என் மனைவி நாலு இலை போட்டாள். மீன் குழம்பு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்றாள். என் மகள் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாங்களும் உட்கார்ந்தோம்.